அப்பாவோட சிஸ்டமும் ஆடிப்பதினெட்டும்

எங்க ஊரு சிவகாசி. ஆடிப்பதினெட்டு அன்னைக்குத்தான் இங்க அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் ரிலீஸ் பண்ணுவாங்க, அதனால ஆனி பொறந்தாலே டிடிபி (கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி அச்சுக்கு பக்கம் அமைக்குறது) வேலை பாக்குற ஆளுங்களுக்கு தூக்கம் போயிரும், எங்கப்பாவும் அதுல ஒருத்தர். வீட்டு முன்ரூம்ல ஒரே ஒரு சிஸ்டம் வச்சுக்கிட்டு பேஜ்மேக்கர்ங்கிற பக்கம் அமைக்குற சாஃப்ட்வேர்ல டைப் பண்ணி பிரஸ்ஸுக்கு குடுப்பாரு. 2025 ஜூன்ல நான் ஊருக்கு போயிருந்தப்ப பாக்குறேன், காலைல சிஸ்டத்த ஆன் பண்ணிட்டு குளிக்கப் போறாரு, குளிச்சு சாமி கும்பிட்டு வந்தும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. என்னப்பான்னு கேட்டா "அது வயசாயிருச்சுடா, என்னய மாதிரிதான், மெதுவா எந்திரிக்கும்"ங்கிறாரு.

ஊர்ல ஒரு கடைல காட்டிருக்காரு. அவங்க கேபினட்ட கூட தொறக்கல, இதுக்கு மேல செலவழிக்காதீங்கண்ணாச்சி, மதர்போர்டே போகப்போகுது, 38,000-க்கு புது சிஸ்டம் போட்டுத் தர்றோம்னு கொட்டேஷன் எழுதி குடுத்துட்டாங்க. அப்பா அத சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிருந்தாரு.

சிஸ்டம் 2014-ல வாங்குனது. ஐ3-4150 பிராசசர், ஹெச்81 போர்டு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட்டிஸ்க். விண்டோஸ் 7-ல இருந்து, 2016-ல ஓசில குடுத்தப்ப நான்தான் 10-க்கு மாத்தி விட்டேன். எனக்கும் மொதல்ல புதுசே வாங்கிரலாம்னுதான் தோணுச்சு, ஆனா பழக்கதோஷத்துல டாஸ்க் மேனேஜர தொறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன். சிபியு 12 பர்சென்ட். டிஸ்க் மட்டும் 100, அதுலயே நிக்குது, எறங்கவே இல்ல. சரி பயங்கரமா ஏதோ எழுதுது போலன்னு ஸ்பீட பாத்தா நொடிக்கு 1.3 எம்பி!

அது ஏன்னு அப்பாவுக்கு சொல்லணும்ல. அப்பா டிடிபிக்கு வர்றதுக்கு முன்னாடி லெட்டர்பிரஸ்ல கம்போசிட்டர், கேஸ்ங்கிற மரத்தட்டுல இருந்து ஈய எழுத்த பொறுக்கி, பாரமா (அச்சுக்கு ஏத்துற பக்கமா) கோர்த்தவரு. அதனால ஈசியா போச்சு. ஹார்ட்டிஸ்க்குல தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்துது, ஒரு சுத்துக்கு 8 மில்லிசெகண்ட், அது போக படிக்கிற முள்ளு எடம் மாறணும், அப்ப ஒரு நொடிக்கு ஏறக்குறைய நூறு எடத்துலதான் அதால தொட முடியும். ஒரே பெரிய ஃபைல வரிசையா படிச்சா நொடிக்கு 100 எம்பிக்கு மேலகூட வரும், ஆனா விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு கேக்குது. "ஒரு எழுத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு நாலு ரூம் தாண்டி கேஸுக்கு போயிட்டு வந்தா ஒரு பாரம் எப்பப்பா முடிப்பீங்க"ன்னேன். சிரிச்சுட்டாரு. ஹார்ட்டிஸ்க்குக்கு பதிலா போடுற எஸ்எஸ்டி சிப்புலயே சேமிக்கும், அதுல சுத்துற சாமானே கெடையாது, எல்லா கேஸும் கைக்கிட்டயே இருக்குற மாதிரி.

ரேமும் இதுல கூட்டுக் களவாணி. 4 ஜிபில 3.6 போயிருச்சு, குரோம்ல வாட்ஸப் வெப் ஒண்ணு, பிரஸ்காரங்க மெயில் ஒண்ணு, பேஜ்மேக்கர், அவ்ளோதான் ஃபுல். பத்தாததுக்கு விண்டோஸ் ரேம்ல இருக்குறத தூக்கி டிஸ்க்ல வைக்கும், அந்த டிஸ்க்கே ஏற்கனவே நொண்டுது, அப்புறம் எப்படி வெளங்கும். அப்ப ஸ்லோவுக்கு காரணம் பிராசசர் இல்ல, போர்டும் இல்ல. கடைக்காரங்க பாத்துருந்தா அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், பாக்கல.

புதுசு வேணாம்னு முடிவு பண்ணதுக்கு இன்னொரு காரணம் பேஜ்மேக்கர். பதினஞ்சு வருஷ ஃபைல் எல்லாம் அதுலதான், எல்லாமே யூனிகோடுக்கு (எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்துன ஃபாண்ட், ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்துல தொறந்தா பஞ்சாங்கம் பூரா கொக்கிகொக்கியா தெரியும். இன்ஸ்டால் பண்ண சிடி எங்கன்னு யாருக்கும் தெரியாது. இதே காரணத்துக்காகத்தான் விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டு விடலாம்ங்கிற ஆசையையும் அடக்கிக்கிட்டேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிறுத்துறதா சொல்லிருந்தாங்க, 11 போகணும்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன் பிராசசர் வேணும், இது நாலாவது. குறுக்கு வழில போடலாம்தான், ஆனா நான் சென்னைல இருந்துக்கிட்டு போன்லயே சரி பண்ணிக்கிட்டு இருக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ் பேக்கப் போட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் காசில்லாம தர்றதா அப்ப சொன்னாங்க, அது போதும்னு விட்டுட்டேன்.

சென்னை வந்து அடுத்த சனிக்கிழமை கம்ப்யூட்டர் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 3,100. இந்த போர்டுக்கான பழைய வகை டிடிஆர்3 ரேம் புதுசு தேடுறது வீண், செகண்ட்ஸ்ல 4 ஜிபி 600-க்கு ஒரு மாச டெஸ்டிங் வாரண்டியோட கெடச்சுது. அங்க நின்னா கை சும்மா இருக்காது, அதே சாக்கெட்ல உக்கார்ற பழைய ஐ7 ஒண்ண கடைக்காரர் எடுத்து டேபிள்ல வச்சுட்டாரு, ஒரு அஞ்சு நிமிஷம் கையில வச்சு பாத்துக்கிட்டே இருந்தேன். பதினோரு வருஷ எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் குடுக்குற பெட்டி) அதுக்கு தாங்குமா, அத மாத்துனா கேபினட், கேபினட் மாத்துனா... வேணாம்னு வச்சுட்டு வந்துட்டேன். போர்டுல தேதிய ஞாபகம் வச்சுக்கிற சிஆர்2032 பேட்டரி ஒண்ணு, தெர்மல் பேஸ்ட் ஒரு டியூப், மொத்தமா 4,000 தாண்டல.

அந்த பேட்டரி கதைய சொல்லணும். கரண்ட் போயிட்டு வந்தா சிஸ்டத்துல தேதி பழைய வருஷத்துக்கு போயிரும், தேதி தப்பா இருந்தா பாதி வெப்சைட் சர்டிபிகேட் எரர்னு தொறக்காது, அப்பா அத நெட் போச்சுன்னு நெனச்சு வாரத்துக்கு ரெண்டு தடவ பிராட்பேண்ட்காரர கூப்புட்டு திட்டிக்கிட்டு இருந்திருக்காரு. முப்பது ரூபா பேட்டரி. அந்த மனுஷன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்.

ஜூலைல ஊருக்கு போய் கேபினட்ட தொறந்தா உள்ள பேப்பர் தூசி ஒரு மெத்த மாதிரி, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு கீழ ரெண்டு பல்லி முட்டை. அம்மா உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தாங்க. ரேம் கோல்டு பக்கத்த ரப்பர் வச்சு தேச்சு மாட்டுனேன். டிஸ்க்க அப்படியே நகலெடுக்க எஸ்எஸ்டி கம்பெனிக்காரன் குடுக்குற குளோனிங் சாஃப்ட்வேர்ல சி டிரைவ மட்டும் டிக் பண்ணி காப்பி போட்டேன், ரெண்டரை மணி நேரம். பழைய டிஸ்க்க கழட்டிட்டு ஆன் பண்ணா கருப்பு ஸ்க்ரீன், பூட் டிவைஸ் இல்லங்குது. அப்பா பின்னாடியே நிக்கிறாரு, ஒண்ணும் பேசல, அதான் பயமா இருந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஒறச்சுது, விண்டோஸ் 7 காலத்து 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டுன்னு டிஸ்க்ல தனியா பிரிச்ச ஒரு குட்டி பார்டிஷன் இருக்கும், பூட் ஃபைலெல்லாம் அதுக்குள்ள, நான் அத டிக் பண்ணவே இல்ல. மறுபடி முதல்ல இருந்து. ராத்திரி ஒண்ணரைக்கு ஆன் ஆச்சு.

முன்னாடி டெஸ்க்டாப் வந்து மவுஸ் சொன்னபடி கேக்குறதுக்கு நாலு நிமிஷத்துக்கு மேல, இப்ப 28 செகண்ட். பேஜ்மேக்கர் கிளிக் பண்ண கையோட தொறக்குது. ஆனா எல்லாமே பறக்குதுன்னு சொன்னா பொய், கோரல்டிரால பெரிய டிசைன பிடிஎஃப் ஆக்குறதுக்கு முன்ன எவ்ளோ நேரமோ கிட்டத்தட்ட அதே நேரம்தான் இப்பவும், அது பிராசசர் வேலை, எஸ்எஸ்டி அங்க ஒண்ணும் கிழிக்காது. அப்பாவுக்கு அதுல ஒரு நாளைக்கு ரெண்டு மூணு ஃபைல்தான், அதுக்காக 38,000 வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. கொட்டேஷன் பேப்பர் பின்பக்கத்துல இப்ப பால் கணக்கு ஓடுது.

டி டிரைவ் இன்னும் அந்த பழைய டிஸ்க்லதான் இருக்கு. டிஸ்க் நல்லாருக்கான்னு காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு பாத்தேன், மஞ்சள் கலர்ல காஷன்னு காட்டுது, பென்டிங் செக்டார் (சரியா படிக்க முடியாம நிக்குற எடம்) 18-ன்னு இருக்கு, அது பதினாறு பதினாறா எண்ணுற ஹெக்ஸ் கணக்கு, அப்ப 24. அதனால அன்னைக்கே உக்காந்து எல்லாத்தையும் வெளி ஹார்ட்டிஸ்க்குக்கு காப்பி எடுத்துட்டேன். ரெண்டே ரெண்டு ஃபைல்தான் வரமாட்டேன்னுருச்சு, ரெண்டும் 2017 கோயில் பொங்கல் நோட்டீஸ். போனா போகட்டும்னுட்டாரு அப்பா. அந்த நோட்டீஸ்ல பேரு விட்டுப்போன மாமா ஒருத்தரு இன்னும் எங்க வீட்டுக்கு வர்றதில்ல.