ஜார்ஜ் கொடுத்த வாக்கு

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2005 மார்ச் 27 அன்று தொடங்கிய 'கிரேஸ் அனாட்டமி' தொடரின் முதல் அத்தியாயத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். சியாட்டிலில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட மருத்துவமனையொன்றில் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்குச் சேரும் ஐந்து இன்டர்ன்களின் முதல் 48 மணி நேரப் பணிதான் கதை. ஒரு பயிற்சி மருத்துவரைத் தொடர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் வேலை வாங்கக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் 2003-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. தொடரை உருவாக்கிய ஷோண்டா ரைம்ஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலும்.

நாயகி மெரிடித்தான். எதனால் வலிப்பு வருகிறது என்று யாருக்கும் பிடிபடாத ஒரு சிறுமி, ஒத்திகையில் கால் இடறி விழுந்ததைப் போகிற போக்கில் சொன்னதை நினைவுகூர்ந்து, மூளையின் இரத்தக் குழாய் வீக்கம் வெடித்திருக்கலாம் என்று மெரிடித்தும் சக இன்டர்ன் கிறிஸ்டீனாவும் ஊகிக்கும் இடம் விறுவிறுப்பானது. காதல் காட்சிகளைப் பார்க்காமல் வேகமாக ஓட்டிவிட்டேன்.

இம்முறை என் கண் அந்த ஐவரில் ஒருவனான ஜார்ஜ் ஓமேலியை விட்டு அகலவில்லை. முதல் நாளே குடல்வால் அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மேலே கண்ணாடிக்குப் பின்னால் சக பயிற்சியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஓரளவு நன்றாகவே தொடங்கி, தையலைச் சற்று வேகமாக இழுத்ததில் குடல் கிழிந்து, இரத்தம் பெருகுவதைக் கண்டு உறைந்து நிற்கிறான். கொல்ல உரிமம் பெற்றவன் என்ற பொருளில் '007' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. அது நாமும் சேர்ந்து சிரிக்கக்கூடிய தவறு.

அடுத்ததில் சிரிக்க முடிவதில்லை. இதய அறுவைக்குக் காத்திருக்கும் டோனியின் மனைவி குளோரியாவிடம், அவளுடைய பதற்றத்தைத் தணிக்கும் நல்லெண்ணத்தில், அவர் நலமாகிவிடுவார் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறான். அறுவை மேசையிலேயே டோனி இறந்துபோகிறார். அப்படியொரு வாக்கைக் காப்பாற்றக் கடவுளால்தான் முடியும் என்று கடிந்துகொள்ளும் அறுவை மருத்துவர் டாக்டர் பர்க், செய்தியையும் அவனே போய்ச் சொல்லும்படி அனுப்புகிறார். இதயம் மிகவும் பழுதாகியிருந்தது, முயன்று பார்த்தோம் என்று சுற்றிவளைத்துத் தொடங்குகிறான். குளோரியாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், அவனைப் போய்விடும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறாள். அவள் அவனை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.