மிரட்டலுக்குப் பணிந்த ஒரு வாரம்

‘தி இன்டர்வியூ’ என்ற நகைச்சுவைப் படத்தின் கிறிஸ்துமஸ் வெளியீட்டை 2014 டிசம்பர் 17 அன்று சோனி பிக்சர்ஸ் கைவிட்டது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னைக் கொல்லும் பணி இரு தொலைக்காட்சிக்காரர்களிடம் ஒப்படைக்கப்படுவதே அதன் கதை. நவம்பரில் அந்நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்து, ஊழியர்களின் சொந்த விவரங்களையும் மின்னஞ்சல்களையும் பொதுவெளியில் கொட்டியவர்கள், படத்தைத் திரையிடும் அரங்குகளை 2001 செப்டம்பர் 11ஐ நினைவூட்டி மிரட்டினார்கள். பெரிய திரையரங்க நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகியதும் சோனியும் பணிந்தது.

மக்களின் உயிரை எண்ணி அஞ்சிய அரங்க உரிமையாளர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் இணையத்தில் வெளியிடும் வழி இருந்தும், வேறெந்த வெளியீட்டுத் திட்டமும் இல்லை என்று தயாரிப்பு நிறுவனமே முதலில் அறிவித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. (படம் தரமானதா என்பது வேறு கேள்வி, அதைப் பார்த்து முடிவுசெய்யும் உரிமை பார்வையாளருடையது.) சோனி தவறிழைத்துவிட்டதாக அதிபர் ஒபாமா வெளிப்படையாகவே கூறினார். பின்னர் டிசம்பர் 24 அன்று படம் இணையத்தில் வந்தது. மறுநாள் அதைத் துணிந்து திரையிட்டவை, பெரும்பாலும் பெரிய திரையரங்க நிறுவனங்களைச் சாராத முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு அரங்குகள்தாம். அவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.