பேஸ்மென்ற் வயரிங்கும் பெர்மிற்றும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சொந்த வீட்டுக்காரர் தன் வீட்டு வயரிங்கைத் தானே செய்யலாம் என்றால் எங்கட ஆட்களில் பலர் நம்புவதில்லை. சட்டப்படி செய்யலாம். வேலை தொடங்குமுன், பிந்தினாலும் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள், மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துப் பெர்மிற் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நகரசபை தரும் கட்டட அனுமதி வேறு, இது வேறு.

ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்ற்றை ஒரு லிவிங் ரூம் ஆக்க நினைத்தபோது, மலிவாகச் செய்து தருவதாக ஒருவர் வந்தார். "பெர்மிற்றை உங்கட பேரிலை எடுங்கோ அண்ணை, வேலையை நான் பாக்கிறன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். காசு கொடுத்துச் செய்விப்பதானால் லைசன்ஸ் உள்ள மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், அறிவித்தலும் அவர் பேரில்தான் போக வேண்டும். வந்தவர் சொன்னபடி செய்தால், நாளைக்கு ஏதாவது எரிந்தால் பதில் சொல்லவேண்டியவன் நான்.

பெர்மிற் எடுப்பது லேசான வேலை. என்ன செய்யப்போகிறோம், எத்தனை பொயின்ற் (லைற், பிளக் போன்றவை பூட்டும் இடங்கள்) என்று கேட்பார்கள். கட்டணம் அதைப் பொறுத்தது.

முக்கியமான கட்டம் 'ரஃப்-இன்' பரிசோதனை. கேபிள் எல்லாம் இழுத்து, பொக்ஸ்களுக்குள் கிறவுண்ட் (எர்த்) வயர்களை இணைத்து, சுவிச்சும் பிளக்கும் பூட்டாமல் விட வேண்டும். அதிகாரசபையின் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி சொல்லும்வரை இன்சுலேஷனோ ட்ரைவோலோ (சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை) வைத்து மூடக்கூடாது. மூடினால் உடைத்துக் காட்டச் சொல்லலாம். ட்ரைவோல்காரருக்கு முதலே திகதி கொடுத்துவிட்டு இன்ஸ்பெக்டரைத் தேடுபவர்கள்தான் இதில் அந்தரப்படுகிறார்கள்.

விதிகளில் கஷ்டமானது ஒன்றுமில்லை, அளவுகள்தான். பொக்ஸிலிருந்து 300 மில்லிமீற்றருக்குள் கேபிளுக்கு ஒரு ஸ்டேப்பிள், பிறகு 1.5 மீற்றருக்கு ஒன்று. மரச்சட்டத்தின் விளிம்பிலிருந்து 32 மில்லிமீற்றருக்குள் கேபிள் போனால் இரும்புத் தகடு அடிக்க வேண்டும். ட்ரைவோல் ஸ்க்ரூ வயருக்குள் இறங்காமல் இருக்கத்தான் அது. பொக்ஸுக்குள் குறைந்தது 150 மில்லிமீற்றர் வயர் விட வேண்டும். சுவரோரம் எந்த இடத்தில் நின்றாலும் 1.8 மீற்றருக்குள் ஒரு பிளக் பொயின்ற் இருக்க வேண்டும். 15 அம்பியர் பிரேக்கருக்கு 14 கேஜ் தடிப்புள்ள செம்பு வயர், ஒரு சேர்கிற்றில் 12 பொயின்ற்றுக்கு மேல் இல்லை. அந்த அறைப் பிளக்குகளுக்கு ஆர்க்-ஃபோல்ட் பிரேக்கர், அதாவது வயரில் பொறி பறந்தால் கரண்டை நிறுத்தும் பிரேக்கர், வேண்டும். அது சாதாரண பிரேக்கரைவிட நல்ல விலை, ஆனால் அதில் மிச்சம் பிடிக்க வழியில்லை.

ஊரில், இலங்கையில், வயரிங் பழகியவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அங்கே பழைய முறையில் சிவப்புத்தான் கரண்ட், கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்பில்தான் கரண்ட், வெள்ளை நியூட்ரல். ஊர்ப் பழக்கத்தில் கை கறுப்பைத் தொட்டால் கதை முடிந்தது. ஊரில் 230 வோல்ற், இங்கே பிளக்கில் 120தானே என்று அலட்சியமும் வேண்டாம். அது ஆளைக் கொல்லப் போதும். பனலில் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியில்) மெயின் பிரேக்கரை நிறுத்தினாலும் வெளியிலிருந்து வரும் கேபிள் பூட்டியிருக்கும் இடத்தில் கரண்ட் இருந்துகொண்டேயிருக்கும்.

வந்த இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத மனிதர். ரோர்ச் அடித்து ஒவ்வொரு பொக்ஸாகப் பார்த்தார், கிறவுண்ட் இணைப்புகளை இழுத்துப் பார்த்தார், எந்தக் கேபிள் எந்த பிரேக்கருக்குப் போகிறது என்று கேட்டார். நான் சேர்கிற் படமொன்று கீறி பனலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்த பிறகு கேள்விகள் குறைந்துவிட்டன. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். வேலை தெரிந்தவன் செய்தானா, யூரியூப் பார்த்துத் துணிந்தவன் செய்தானா என்று அவர்கள் வந்து கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

சரி சொன்ன பிறகு, மூடுவதற்குமுன் எல்லாச் சுவரையும் அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து வைத்தேன். பிறகு ரிவி மாட்ட ஓட்டை போடும்போது அது உதவியது. ட்ரைவோல், பெயின்ற் முடிந்து, சுவிச், பிளக், மூடிகள் எல்லாம் பூட்டிய பிறகு கடைசிப் பரிசோதனை. அது சுருக்கமாக முடிந்தது. அப்புறம் வந்த சான்றிதழை வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன், விற்கும்போதோ காப்புறுதிக்காரர் கேட்டாலோ காட்டலாம்.

அடுத்தது கராஜில் மின்சாரக் கார் சார்ஜர். பனலில் அதற்கு இடம் போதுமா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதை மட்டும் லைசன்ஸ்காரர் ஒருவரிடம் கொடுக்கப்போகிறேன்.