கிட்ட நின்றவர்களும் எட்ட நின்றவர்களும்

மலருக்குப் பள்ளிக்கூட நினைவுகளை எழுதச் சொன்னால் நம்மவர்கள் கிரிக்கெட் மட்ச், ஹாஸ்டல் புட்டு என்றுதான் தொடங்குவார்கள். அவற்றை அவர்களே எழுதட்டும். நான் எங்கள் வேதபாட மாஸ்டரின் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அவரிடம் படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும்.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமைகளில் கரும்பலகையில் இயேசுவின் கதையைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷங்களுக்கும் நான்கு பத்தி கீறுவார். கேள்வி ஒன்றுதான்: "சிலுவையடியில ஆர் நிண்டது?"

நாங்கள் ஞாயிறு பள்ளிப் படத்தில் பார்த்ததைச் சொல்வோம். ஒரு பக்கம் தாய் மரியாள், மறுபக்கம் அன்பான சீஷன், காலடியில் மகதலேனா மரியாள். "அது யோவான்ரை படம். மற்ற மூண்டு பேரும் என்ன சொல்லுகினம்?" என்று வேதத்தைத் திறக்கச் சொல்வார்.

திறந்தால் மாற்கில் சொந்தக்காரர் ஒருவரும் கிட்ட இல்லை. சீஷர்கள் முதல்நாள் இரவே ஓடிவிட்டார்கள். கலிலேயாவிலிருந்து வந்த பெண்கள்தான் தூரத்தில் நின்று பார்க்கிறார்கள்: மகதலேனா மரியாள், சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியாள், சலோமே. இயேசுவின் தாய் அங்கு நின்றதாக மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே சொல்லவில்லை. யோவானில் மட்டும் அவர் சிலுவைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவரையும் சேர்த்து அங்கு நின்ற பெண்கள் மூன்று பேரா நான்கு பேரா என்பதில் இன்றைக்கும் அறிஞர்களுக்குள் இழுபறி.

மத்தேயு சலோமேயின் பெயரைச் சொல்லாமல், அந்த இடத்தில் செபெதேயுவின் மக்களான யாக்கோபு, யோவான் என்ற சீஷர்களுடைய தாயை நிறுத்துகிறார். இரண்டும் ஒரே ஆள்தானே என்று ஒருவன் கேட்டான். மாஸ்டர் சோக்கைக் கீழே வைத்தார். "சொல்லலாம் தம்பி. ஆனா மாற்கு அப்பிடிச் சொல்லேல்லை." அப்புறம் மத்தேயு 20ஆம் அதிகாரத்துக்குக் கூட்டிப்போனார். இதே தாய்தான் தன் இரண்டு பிள்ளைகளையும் உம்முடைய ராஜ்யத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார வையும் என்று இயேசுவிடம் கேட்டவள். மாற்கில் பிள்ளைகளே கேட்கிறார்கள். மத்தேயுவில் தாய் கேட்கிறாள். இப்போது சிலுவையில் இயேசுவின் வலப்பக்கம் ஒரு கள்ளன், இடப்பக்கம் ஒரு கள்ளன். பிள்ளைகளைக் காணவில்லை. தாய் மட்டும் தூரத்தில் நின்று அதைப் பார்க்கிறாள். மத்தேயு வேண்டுமென்றேதான் அவளை அங்கே நிறுத்தினார் என்று நான் நம்புகிறேன். இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டால் இதைக் கவனிக்காமலே போய்விடுவோம்.

இன்னொரு நாள், சைவப் பிள்ளைகளின் வகுப்புக்குப் போகாமல் எங்களோடேயே இருந்துவிடும் ஒருவன் எழும்பினான். "எட்ட நிண்டவைக்கு அவர் பேசினது எப்படிச் சேர் கேட்டது?" நல்ல கேள்வி. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒரே மூச்சில் கேட்கிற எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அந்த ஏழில் மூன்று லூக்காவிலும் மூன்று யோவானிலும் மட்டும் உள்ளவை. மத்தேயுவிலும் மாற்கிலும் இருப்பது ஒன்றே ஒன்று, "என் தேவனே, என் தேவனே". அதையும் மிகுந்த சத்தமிட்டுச் சொன்னதாகவே இருவரும் எழுதுகிறார்கள். எட்ட நின்றாலும் கேட்கும். "அதோ, உன் தாய்" என்பது கிட்ட நிற்பவனிடம் சொல்கிற பேச்சு. யோவான் ஆட்களைக் கிட்டத்தானே நிறுத்தியிருக்கிறார்! லூக்காதான் மாட்டிக்கொள்கிறார். ஆட்கள் தூரத்தில், ஆனால் கள்ளனோடு பேசிய பேச்சும் இருக்கிறது. "பக்கத்தில சேவகர் நிண்டவைதானே" என்று மாஸ்டர் சமாளித்தார். எங்களுக்கு அது போதவில்லை. அவருக்கும் போதவில்லை என்பது சிரிப்பில் தெரிந்தது.

லூக்காவைப் பற்றி எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு மிச்சம் இருக்கிறது. லூக்கா சிலுவைக் காட்சியில் பெண்களின் பெயரைச் சொல்வதில்லை. இயேசுவுக்கு அறிமுகமான எல்லோரும் அந்தப் பெண்களும் தூரத்தில் நின்றார்கள் என்கிறார். சீஷர்கள் ஓடினார்கள் என்ற வரியும் லூக்காவில் இல்லை. ஆகவே லூக்கா அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றுகிறார் என்பது மாஸ்டரின் கட்சி. ஆனால் பழைய ஏற்பாட்டில் 38ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். நோயில் கிடப்பவன், என் சிநேகிதரும் இனத்தாரும் தூரத்தில் நிற்கிறார்கள் என்று முறையிடுகிறான். லூக்கா அதை மனதில் வைத்து எழுதியிருந்தால், அது காப்பாற்றுவதல்ல, குறை சொல்வது. எங்கள் வகுப்பில் படித்த போதகர்கள் யாராவது மாறாக நினைத்தால் அடுத்த மலரில் எழுதட்டும்.