வஹாக்கா சந்தையில் ஒரு கூறு மிளகாய்

மெக்சிகோவில் பியூப்லா நகரத்துக்குக் குடிவந்து ஒரு வருடம் வரை நான் சந்தைப் பக்கமே போகவில்லை. வீட்டுக்காரருக்கு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் ‘ஓலா’, ‘கிராசியாஸ்’ இரண்டும்தான், அதனால் சூப்பர்மார்க்கெட்டில் வாயே திறக்காமல் வண்டியை நிரப்பி, பில் போடும் பெண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் மாடிப்படியில் எதிரே வந்த மேல்வீட்டு அம்மா என் பைக்குள் எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் சுற்றிய நாலு தக்காளியை எடுத்து, இதற்கா காசு கொடுத்தாய் என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வஹாக்காக்காரர். எங்கள் ஊருக்குப் போய்ச் சந்தையைப் பார்த்துவிட்டு வா மகளே என்று கையாலும் வாயாலும் விளங்க வைத்தார்.

எழுதும்போது ஓ-வில் தொடங்கி நடுவில் எக்ஸ் வைத்துப் பயமுறுத்தும் பெயர், சொல்லும்போது வெறும் வஹாக்கா. நவம்பரில் புரட்சி நாள் லீவு சேர்ந்து வந்த வாரக்கடைசியில் கிளம்பினோம். பியூப்லாவிலிருந்து பஸ்ஸில் நாலரை மணி நேரம், பாதி வழிக்கு மேல் மலைச்சரிவு முழுக்கக் கம்பம் நட்டு வைத்ததுபோல் கள்ளி. ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காலையில் சால்வை தேவைப்பட்டது. பழைய நகரமும் பக்கத்து மலை மேலிருக்கும் மொன்டே அல்பான் இடிபாடுகளும் சேர்ந்து 1987-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டன. பச்சை சாயல் கல்லில் கட்டிய கோயில்களை எல்லாம் பார்த்தோம், அழகுதான், ஆனால் நான் அதற்காகப் போகவில்லை.

ஊர் நடுவில் ஒரு தெரு இடைவெளியில் இரண்டு சந்தைகள். ஒன்றுக்கு பெனிட்டோ ஹுவாரெஸ் பெயர், சபோத்தெக் என்ற பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து நாட்டுக்கே அதிபரானவர். இன்னொன்று நவம்பர் 20 சந்தை, 1910-ல் புரட்சி தொடங்கிய நாள். நுழைந்ததுமே ஒரு கடைக்காரம்மா என்னைப் பார்த்து “என்ன வேணும், குவேரித்தா?” என்றார். குவேரா என்றால் வெள்ளைத்தோல்காரி. நான் கோவில்பட்டி வெயிலில் வளர்ந்த கறுப்பு, கேலி செய்கிறாரோ என்று ஒரு நிமிடம் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் பார்த்தால் எனக்குப் பின்னால் வந்த பாட்டிக்கும் அதே குவேரித்தாதான். நம் கடைகளில் வருகிறவர்களை எல்லாம் ‘வாங்க அக்கா’ என்பது மாதிரி.

மிளகாய், வெங்காயம், எலுமிச்சை எல்லாம் தரையில் கூறு கட்டி வைத்திருந்தார்கள். கூறுக்கு மொந்தோன் என்று பெயர். ஒரு கூறு காய்ந்த மிளகாய் கேட்டேன், பையில் கொட்டிவிட்டு மேலே இன்னும் நாலைந்தை அள்ளிப் போட்டார். காசு தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டாரோ என்று நான் கையை நீட்ட, “பிலோன்” என்று சிரித்தார். கொசுறு! இந்த ஒரு வார்த்தை தெரியாமலே ஒரு வருடம் வீணாய்ப் போனதே என்று தோன்றியது, சூப்பர்மார்க்கெட்டில் யார் கொசுறு போடுகிறார்கள்?

சாப்பாட்டில் அடியும் பட்டேன். நான் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை. ஒரு கடையில் த்லாயூதா வாங்கினேன், தாம்பாளம் அகலத்துக்குச் சோள ரொட்டி, மேலே அரைத்த பீன்ஸ், நூல் நூலாகப் பிரியும் பாலாடைக்கட்டி. கறி வேண்டாம் என்று மட்டும் தெளிவாகச் சொன்னேன். கறி இல்லைதான், ஆனால் ரொட்டியில் முதலில் தடவுவதே அசியெந்தோ என்கிற பன்றிக்கொழுப்பு என்பது பாதி தின்ற பிறகு தெரிந்தது. அவர்கள் கணக்கில் அது கறி இல்லை, நம் வீட்டில் நெய் தடவுவதுபோல. ‘சின் அசியெந்தோ’, அதாவது அசியெந்தோ இல்லாமல், என்று அன்றைக்கே மனப்பாடம் செய்துகொண்டேன். வீட்டுக்காரருக்கு அந்தக் கவலை கிடையாது, பச்சைக்கறியை எடைபோட்டு வாங்கிக் கொடுத்தால் அங்கேயே கரியில் சுட்டுத் தரும் புகைமண்டிய நடையில் போய் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார். வெட்டுக்கிளி வறுவலை மட்டும் நானும் தின்றேன். பூண்டு, எலுமிச்சை, உப்பு. சின்ன வயதில் மழைக்குப் பிறகு ஈசல் வறுத்துத் தின்றவளுக்கு இதில் அருவருக்க என்ன இருக்கிறது?

மறுநாள் ஞாயிறு, 30 கிலோமீட்டர் தள்ளி த்லாகொலூலாவில் வாரச்சந்தை. காலைக் கட்டிய வான்கோழிகள், சுற்றிலும் சபோத்தெக் பேச்சு, கையை முழங்கை வரை மாவில் விட்டுக் கலக்கி தெஹாத்தே என்ற பானம் செய்யும் பெண்கள். சோளமும் கொக்கோவும் மாமேய்ப் பழக்கொட்டையும் சேர்த்து அரைத்த மாவு அது, கலக்கக் கலக்க வெள்ளையாக நுரை கட்டி மேலே மிதக்கும். சுரைக்குடுக்கையில் ஊற்றித் தந்தார்கள், குடித்தால் கம்பங்கூழை யாரோ சாக்லேட் டப்பாவில் வைத்து எடுத்ததுபோல் இருந்தது. ஒரு மூலையில் அம்மிகள் விற்பனைக்கு. மெத்தாத்தே, மூன்று கால் வைத்த கல், முழங்கால் போட்டு அரைக்க வேண்டும். இங்கே கல்யாணத்துக்குப் பூ வரைந்த அம்மியைச் சீர் கொடுப்பார்களாம். அதன் மேல் காலை வைத்துத்தான் எங்கள் கல்யாணமே என்று அந்தக் கடைக்காரரிடம் சொல்ல ஆசை, மொழி போதவில்லை.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது இது எதுவுமில்லை. நவம்பர் 20 சந்தையை ஒட்டிய மீனா தெருவில் நடந்துகொண்டிருந்தபோது காதில் அந்தச் சத்தம் விழுந்தது. பெல்ட் ஓடும் கடகட சத்தம். எங்கள் தெருமுனை மாவு மில்! உள்ளே போனால் மேலே தொட்டியில் கொக்கோ, லவங்கப்பட்டை, பாதாம் கொட்டுகிறார்கள், கீழே சூடாகக் கறுப்புக் குழம்பாக வழிகிறது, சர்க்கரை சேர்த்து இன்னொரு முறை அரைக்கிறார்கள். எவ்வளவு பட்டை, எவ்வளவு சர்க்கரை என்று வாங்குகிறவரே சொல்லலாம். கறுப்பு மோலே குழம்புக்கு வறுத்த மிளகாயைக் கொண்டுபோய் அரைத்து வாங்கும் மில்களும் உண்டு. வாளியை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்தபோது நானும் தூக்குவாளியோடு அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறமாதிரி இருந்தது.

பியூப்லா திரும்பியதும் மேல்வீட்டம்மாவிடம், இங்கேயும் மில் உண்டா என்று கேட்டேன். மூன்று தெரு தள்ளி இருந்திருக்கிறது, சோள மாவு அரைக்கிற இடம் என்று நினைத்து ஒரு வருடம் தாண்டிப் போயிருக்கிறேன். மல்லி, சீரகம், மிளகு, கொண்டைக்கடலை, வஹாக்கா மிளகாய், எல்லாவற்றையும் வறுத்து எடுத்துக்கொண்டு போனேன். மில்காரர் மூக்கருகே கொண்டுபோய், “எந்த மோலே இது?” என்றார். இந்தியா மோலே என்றேன். வரிசையில் நின்ற அம்மா எட்டிப் பார்த்து, எள் போடவில்லையா, சாக்லேட் போடவில்லையா என்று என் கைப்பக்குவத்தில் குறை கண்டுபிடித்தார்.

எனக்கு முன்னால் அரைத்தவர் எள் அரைத்திருந்தார் போல, அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டு சாம்பாரில் எள் வாசம்.