துண்டு போர்த்திய கேமரா

இன்று மாலை அக்கா வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த வீடியோ கேம் விளையாடுவதற்கான பழைய கினெக்ட் கேமராவின் மீது குழந்தையின் பூத்துண்டு ஒன்று நான்காக மடித்துப் போர்த்தப்பட்டிருப்பதைப் பார்த்தேன்.

"பிள்ளைக்கு இங்கதானே சட்டை மாத்துறேன். அது பார்த்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்குப்பா" என்றாள்.

வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2013 மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற வீடியோ கேம் கருவி அறிமுகமானபோது, கினெக்டை இணைக்காமல் அது இயங்காது என்றே மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அகச்சிவப்பு ஒளியால் இருட்டிலும் ஆளைக் காணவும், முகத்தை வைத்து இன்னார் என்று அறியவும், உறக்க நிலையிலும் 'எக்ஸ்பாக்ஸ் ஆன்' என்ற அழைப்புக்குக் காத்திருக்கவும் வல்ல ஒரு கருவியை வீட்டுக்குள் கட்டாயமாக்குவதா என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜெர்மனியின் தரவுப் பாதுகாப்பு ஆணையராக இருந்த பீட்டர் ஷாரும் கண்டித்தார். ஜூனில் அமெரிக்க அரசின் இணைய உளவை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்தபின் அச்சம் இன்னும் கூடியது.

ஆகஸ்டில் நிறுவனம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

அனுமதியின்றிப் படங்கள் வெளியே போகாது என்று அவர்கள் அளித்த உறுதியை நான் பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் அந்த உறுதி மென்பொருளுக்குள் இருக்கிறது. அக்காவால் அதைத் திறந்து பார்க்க முடியாது.

கிளம்பும்போது, ஒரு பக்கம் நழுவியிருந்த துண்டை நானே இழுத்து மூடிவிட்டு வந்தேன்.