கலிபோர்னியா பட்ஜெட்: ஜனவரியில் வருவது முதல் கணக்குதான்

தமிழ்நாட்டில் பட்ஜெட்டை நிதியமைச்சர் தாக்கல் செய்வார்; ஆளுநரின் பங்கு பரிந்துரை, ஒப்புதல் ஆகியவற்றோடு முடிந்துவிடும். அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர்தான் நிர்வாகத் தலைவர். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, பற்றாக்குறையை எப்படி அடைப்பது என்று முதலில் சொல்ல வேண்டியவர் அவரே.

கலிபோர்னியாவில் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். புதிதாகப் பணமோ ஆட்களோ வேண்டும் என்றால் ஒவ்வொரு துறையும் ஒரு கோரிக்கை ஆவணம் எழுதி, ஆளுநரின் கீழுள்ள நிதித்துறைக்கு அனுப்ப வேண்டும். என்ன பிரச்சினை, எத்தனை பணியிடங்கள், எந்த நிதியிலிருந்து பணம், வேறு வழி ஏன் சரிவராது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 'வேறு வழி' பகுதியைக் கடமைக்கு நிரப்பி அனுப்பினால், நிதித்துறை ஆய்வாளர் முதலில் அங்கேதான் கைவைப்பார்.

அரசமைப்புப்படி ஜனவரி 10-க்குள் ஆளுநர் பட்ஜெட்டைச் சட்டமன்றத்திடம் தந்துவிட வேண்டும். செலவு வரவை மிஞ்சினால், கூடுதல் வருவாய்க்கு வழியும் அவரே சொல்லியாக வேண்டும்.

சிக்கல் வரவுக் கணக்கில்தான் இருக்கிறது. மாநிலத்தின் முக்கியக் கணக்கான பொது நிதிக்கு வரும் வருவாயில் பாதிக்கு மேல் தனிநபர் வருமான வரி. அதிலும் பெரும்பங்கு கட்டுபவர்கள் மிகச் சிறிய பணக்காரக் கூட்டம். பங்குச்சந்தை சரிந்தால் அவர்கள் கட்டும் வரியும் உடனே சரியும். ஏப்ரலில் வரி வசூலாகும் வரை உண்மை நிலவரம் தெரியாது. அதனால்தான் மே 14-க்குள் ஆளுநரிடமிருந்து திருத்திய கணக்கு ஒன்று வருகிறது. என் பார்வையில் கவனித்துப் படிக்க வேண்டியது அதைத்தான்.

2023-இல் அந்த மே கணக்கும் கைகொடுக்கவில்லை. குளிர்காலப் புயல்களால் பெரும்பாலான மாவட்டங்களுக்கு வரி கட்டும் கெடு அக்டோபருக்கும், பிறகு நவம்பருக்கும் தள்ளிப்போனது. வசூல் தெரியாமலேயே ஜூனில் பட்ஜெட் நிறைவேறியது. டிசம்பரில் சட்டமன்றத்தின் ஆய்வாளர் அலுவலகம் கணித்த பற்றாக்குறை 6,800 கோடி டாலர். அடுத்த மாதம் ஆளுநர் கேவின் நியூசம் சொன்னதோ சுமார் 3,800 கோடி. இரு தரப்பின் வருவாய் மதிப்பீடும் வேறு. எதையெல்லாம் பற்றாக்குறையில் சேர்ப்பது என்பதும் வேறு. இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போது இதை மறக்கக்கூடாது.

சட்டமன்றம் ஜூன் 15-க்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால், 2010-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதிப்படி, தாமதமாகும் நாட்களுக்கு உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை. பிறகு ஆளுநருக்கு 12 நாள் அவகாசம். தனித்தனி ஒதுக்கீடுகளைக் குறைக்கலாம், நீக்கலாம். ஒரு டாலர்கூடக் கூட்ட முடியாது.